அஞ்சு நூல் போல்ட்டு

ஒரு நூலுன்னா ஒரு இஞ்ச்சை எட்டாப் பிரிச்சு அதுல ஒண்ணுங்க டாக்டர், கைப்பிடிய அரைச்சுத்து சுத்துனா ஜாக்கி ஒரு நூல் எறங்கும், அதுக்கு மேல சுத்தப்படாது, வாரண்ட்டு சார் விசில் ஊதுனாத்தான் அடுத்த அரைச்சுத்துன்னு சொல்லிட்டு மறுபடியும் சாக்குல தலையச் சாச்சுக்கிட்டேன். ஷமீமா டாக்டருக்கு எட்டுல ஒண்ணு தெரியாம இல்ல. சிங்காநல்லூர்ல பல்லு ஆஸ்பத்திரி வெச்சிருக்கறவங்க, மயிரிழை தப்புனா நரம்புல போய் நிக்கற வேலை, அவங்களுக்குப் போய் நான் அளவு சொல்லிக் குடுக்கறேன். பயத்துல கேட்டாங்க. பயம் வந்தா அளவு கேக்கறது நெம்ப நல்ல பழக்கம். நானும் அதைத்தான் பண்ணிக்கிட்டுக் கெடக்கேன், எவ்வளவு எறங்குச்சு, இன்னும் எவ்வளவு, எவ்வளவு எறங்குச்சு, இன்னும் எவ்வளவுன்னு. தலைக்கு மேல ஆறு டன்னு ஏரோப்ளேன். தலைக்கு மேலன்னு சொல்லப்படாது, தலைக்குப் பக்கத்துல. வாரண்ட்டு சார் ரூல் அது, ஒடம்பு வெளியில, கண்ணும் கையும் மட்டும் உள்ள. சிறகுக்கு அடியில ரயில்வே கட்டை அடுக்கியிருக்கு, அதுக்கு மேல சன்னமாப் பலகைங்க. ஒவ்வொரு தடவ எறக்குனதுக்கு அப்புறமும் நான் ஒரு பலகைய உருவணும். அதாவது இது விழுந்தாலும் ஒரு பலகை ஒசரம்தான் விழுகும். விழுகாதுன்னு யாரும் சொல்லல. விழுந்தா எவ்வளவுன்னுதான் கணக்கு. இந்தக் கூட்டத்துல எனக்குப் புடிச்சதே அதுதான், யாரும் தைரியம் சொல்ல மாட்டாங்க, கட்டை அடுக்குவாங்க. ஹண்டர்னு பேரு, சண்டை ஜெட்டு, பட்டாளத்துல வேலை முடிஞ்சு இந்தக் காலேஜுக்குப் பசங்க பாத்துப் படிக்கட்டும்னு குடுத்தது. பசங்க படிச்சாங்க, அப்புறம் அந்தப் படிப்பையே காலேஜுல மூடிட்டாங்க, அப்புறம் மழைதான் வந்து பாத்துக்கிட்டு இருந்துச்சு. ஒரு ஐப்பசியில எடது சக்கரக் கால் போல்ட்டு துருவேறி ஒடைஞ்சு, கால் மடங்குன எருமையாட்ட எடது சிறகை மண்ணுல வெச்சுப் படுத்துக்கிச்சு. அதுக்கு அப்புறம்தான் நாங்க. ஞாயித்துக்கெழமைக்காரங்க. சம்பளம் இல்ல, கேக்க ஆளும் இல்ல. இப்பக் காலேஜுல இந்த எடத்துல புதுக் கட்டடம் கட்டப்போறாங்க. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள இது தன்னோட கால்ல நின்னு, உருண்டு, கெழக்கு மதில் ஓரத்துக்குப் போயிட்டா அங்கயே இருந்துக்கலாம். போகலைன்னா நாளைக்கு வெடியால கேஸ் கட்டர் வரும். சிறகை அறுத்துத்தான் லாரியில ஏத்த முடியும்னு சொல்லிட்டாங்க. மேனேஜர் கோவமா எல்லாம் சொல்லல, வெசனமாத்தான் சொன்னாரு, டீ கூட வாங்கிக் குடுத்தாரு. வெசனமாச் சொன்னாலும் கட்டர் கட்டர்தான். இந்த மொத்தமும் இப்ப எதுல நிக்குதுன்னா என் மூக்குக்கு மொழ தூரத்துல இருக்கற ஒரு போல்ட்டுல நிக்குது. அந்தப் போல்ட்டு நான் கடைஞ்சது.

விசில். டாக்டர் சுத்தறாங்க, அந்தாண்ட வலது ஜாக்கியில மயில்சாமி சுத்தறாரு, ஏரோப்ளேன் மூக்குக்கிட்ட வாரண்ட்டு சார் தன்னோட ஜாக்கியத் தானே சுத்திக்கிட்டு ரசமட்டத்தையும் பாத்துக்கறாரு. இரும்பு முனகுது. முனகட்டும், முனகறது நல்லது, பேசாம இருக்கற இரும்புதான் பயம். பலகைய உருவுனேன். கோடு சரியா இருக்கு. கோடுன்னா டாக்டரோட நெயில் பாலிஷ், ரோஸ் கலரு. போல்ட்டுத் தலையில இருந்து, அது மாட்டியிருக்கற இரும்புக் காதுல ஏறற மாதிரி ஒரே கோடா இழுத்து விட்டாங்க, போல்ட்டு ஒரு இம்மி திரும்புனாலும் வளைஞ்சாலும் கோடு ஒடைஞ்சு காட்டிக் குடுத்துரும். நான் வேலை பாத்த நூல் மில்லுல நாங்க மஞ்சப் பெயிண்டு வெப்போம். இது அதைவிட நல்லாத் தெரியுது, காஞ்சா சட்டுனு வெடிக்கும், எங்க மில்லுல இத்தனை வருசம் ஒரு ஆளு நெயில் பாலிஷை நெனைக்கல. அஞ்சு நூல் போல்ட்டு. அந்த அஞ்சு நூல்தான் எத்தனை பாடு படுத்திருச்சு. மொதல்ல ஒரிஜினலைத் தேடுனோம். இங்க எங்கயும் இல்ல, பட்டாள ஏலத்துல இல்ல, பெங்களூர்ல ஒருத்தர் இருக்குன்னாரு, போய்ப் பாத்தா அவர்கிட்ட வேற ஏரோப்ளேன். அப்பத்தான் டாக்டர் இங்கிலாந்துல லெஸ்லின்னு ஒரு பெரியவரைப் புடிச்சாங்க. பஸ்ஸு டிரைவரா இருந்து ரிட்டயரானவரு, வீட்டுக்குப் பின்னாடி கோழிக்கொட்டாயில ஒரு ஹண்டரோட மூஞ்சிய மட்டும் வெச்சு ராத்திரி எத்தனை மணியானாலும் தொடைச்சுக்கிட்டு இருக்கறவரு. மூஞ்சி மட்டும்தான், கால் இல்ல, சிறகு இல்ல. அவரு பொண்டாட்டி அந்த மூஞ்சிக்குப் பொறந்தநாள் கேக்கு செஞ்சு ஒரு போட்டோ அனுப்புனாங்க, அதப் பாத்துட்டுத்தான் மயில்சாமி, அவரு பேக்கரி வெச்சிருக்கறவரு, இந்தக் கூட்டத்துலயே சேந்தாரு. லெஸ்லிக்கு எழுதுங்கன்னு நான் சொல்லச் சொல்ல டாக்டர் இங்கிலீசுல எழுதுனாங்க. எடது காலுக்கு அஞ்சு நூல் போல்ட்டு ஒண்ணு வேணும். அவங்களுக்கு நூலுன்னா மூணு அர்த்தம் தெரியும், படிக்கறது, தெக்கறது, ஏமாத்தறதுக்கு விடறது. பட்டறை நூல் தெரியாது. எனக்கு அதைத் தவிர வேற எதுவும் நெனப்பு வராது. அஞ்சு நூல்னா எட்டுல அஞ்சு பங்கு இஞ்ச்சு தடிமன், அது எங்கூருல டீக்கடைக்காரனுக்கும் தெரியும்னு நான் இருந்துட்டேன். போல்ட்டுல நூல்னா மரை, த்ரெட்டுன்னு அவங்க இருந்துட்டாங்க. அஞ்சு த்ரெட்டு இருக்கற போல்ட்டுன்னு எழுதிட்டாங்க. தடிமன் என்னான்னு கடுதாசியிலயே இல்ல. லெஸ்லி திருப்பிக் கேக்கல. இந்தியாவுல ஒரு கூட்டம் ஒரு ஹண்டரைத் தூக்கி நிறுத்தப் பாக்குது, அவங்களுக்குத் தெரியாதா என்ன வேணும்னு. தடிமன் அரை இஞ்ச்சுன்னு அவரா ஒரு முடிவுக்கு வந்து, நல்ல உருக்கு தேடி, பக்கத்து ஊருல ஒரு சினேகிதரோட லேத்துல நின்னு, நுனியில கரெக்டா அஞ்சே அஞ்சு மரை வெட்டி, நாலு இல்ல ஆறு இல்ல, எண்ணெயில தோச்சு, பழைய காலுறையில சுத்தி அனுப்பிட்டாரு. கூட ஒரு சீட்டு. இப்படி ஒரு போல்ட்டை நான் பாத்ததில்ல, எதுக்குன்னு புரியல, ஆனா உங்களுக்கு வேணும்னா காரணம் இருக்கும். டாக்டர் படிச்சுச் சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அப்புறம் வரல. ஒருத்தன் தப்பாக் கேட்டதைத் தப்பில்லாமச் செஞ்சு குடுக்கறதுக்கு எந்த மாதிரி மனசு வேணும். என்கிட்டக் கேட்டுருந்தா, ஏனப்பா, உனக்கு என்ன கிறுக்கான்னு கேட்டுருப்பேன். அந்தப் போல்ட்டு ஓட்டையில போட்டா லொடலொடங்குது. கடைசல்ல பெருசை சிறுசாக்கலாம், சிறுசைப் பெருசாக்கற பட்டறை இந்தக் கோயமுத்தூர்லயே கெடையாது. என் வீட்டுக்காரி தெய்வானை அதுலதான் இப்ப இஞ்சி நசுக்கறா. நெம்ப நல்லா நசுங்குதுங்கறா. லெஸ்லிக்கு அதையும் எழுதச் சொன்னேன், டாக்டர் எழுதுனாங்களான்னு தெரியல.

விசில். சுத்து. நிறுத்து. பலகை. கோடு இருக்கு. சக்கரம் இன்னும் தரையத் தொடல, தரைக்கும் டயருக்கும் நடுவுல அந்தாண்டப் பக்கத்து வெய்யிலு தெரியுது, வெள்ளை நூலாட்ட ஒரு கீத்து. அது மறையறப்பத்தான் ஆட்டமே. அது வரைக்கும் கால் சும்மா தொங்கிக்கிட்டு இருக்கு, போல்ட்டுக்கு வேலையே இல்ல, வேலை இல்லாதவன் எப்பவும் ஒழுங்காத்தான் இருப்பான். நாங்க ரெண்டாந் தடவ லெஸ்லிக்கு எழுதறதுக்குள்ள காலேஜுல இருந்து இந்தக் கட்டடச் சேதி வந்துருச்சு. அப்பத்தான் நான் வாயத் தொறந்தேன். எங்க மில்லு ஸ்கிராப்புக்குப் போறப்ப பழைய இங்கிலீசு மிஷின்ல இருந்து ஒரு தண்டை எடுத்து வெச்சிருக்கேன் சார், சீமை உருக்கு, என்ன பண்ணாலும் வளையாது, மில்லு மரை வெட்டற கருவியும் என்கிட்ட இருக்கு, இந்த ஏரோப்ளேனும் அந்த மிஷினும் ஒரே ஊரு இஞ்ச்சுத்தான், நான் கடைஞ்சு தர்றேன்னு. சொல்லிருக்கப்படாதோ என்னமோ. வாரண்ட்டு சார் என்னை நிமிந்து பாத்தாரு. ஞானசிகாமணின்னு பேரு, நாசரேத்துக்காரரு, ஏர்போர்ஸுல வாரண்ட் ஆபீசரா இருந்து வெளிய வந்தவரு, இங்க சூலூர் கேம்ப்புலயும் இருந்தவரு. ஆபீசர்னுதான் கூப்பிடணும், எங்க வாயில வாரண்ட்டுன்னு நின்னுபோச்சு, கைது பண்ண வந்தவராட்ட. ஏரோப்ளேன்ல நம்பர் அடிக்காத ஒரு ஆணி கூடப் போடக் கூடாதுன்னு முப்பது வருசம் பசங்களைத் திட்டுன மனுசன். அவருகிட்டப் போய் நூல் மில்லு தண்டுல போல்ட்டு. யோசிச்சுட்டு ஒண்ணுதான் கேட்டாரு. "பறக்கப் போறதில்ல. நிக்கத்தான் போவுது. நிக்குமாய்யா?" நான் நிக்குமுங்கன்னேன். அந்த நிக்குமுங்கல எவ்வளவு தெரிஞ்சு சொன்னேன், எவ்வளவு வாய் சொல்லுச்சுன்னு எனக்கே இன்னும் கணக்கு வரல. மில்லுல மொத சிப்டு முடிச்சுட்டு சைக்கிள்ல போய் சாயங்காலப் பாலிடெக்னிக்குல படிச்சவன். அங்க ஒரு போல்ட்டு எப்ப அறுகும், எவ்வளவுல அறுகும்னு நடத்துன அன்னிக்கு நான் தூங்கிட்டேன். வாத்தியாரு சாக்பீஸை இழுத்து ஒடைச்சா ஒரு மாதிரி ஒடையும், முறுக்கி ஒடைச்சா வேற மாதிரி ஒடையும்னு காட்டுனாராம். நான் முழிச்சது அந்த ஒடைஞ்ச துண்டு என் நெத்தியில வந்து பட்டப்பதான். அறுகறதைப் பத்தி நான் படிச்ச மொத்தப் பாடம் அதுதான். அப்புறம் புஸ்தகம் பாத்துப் பாஸ் பண்ணேன், புஸ்தகத்துல படிச்சது நெத்தியில பட்ட அளவுக்கு ஒட்டல. அதனால ஒரே தண்டுல ரெண்டு போல்ட்டு கடைஞ்சேன். கூடப்பொறந்தது. ஒண்ணைக் கொண்டுபோய்ப் பம்பு பவுண்டரியில ஒரு பிரஸ்ஸுல வெச்சு அழுத்தச் சொன்னேன். இந்தக் காலு மேல வர்றது மூணு டன்னுக்கு உள்ள. அந்தப் போல்ட்டு பன்னெண்டு டன்னு தாண்டித்தான் போச்சு, போறப்பப் போட்ட சத்தத்துல பவுண்டரி மொதலாளி டீ டம்ளரைக் கீழ போட்டுட்டாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. மயில்சாமி பப்ஸு வாங்கி இல்ல, செஞ்சுட்டு வந்து குடுத்தாரு. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வர்ற வழியில ஒண்டிப்புதூர் மேம்பாலத்து மேல திடீர்னு தோணுச்சு. சோதிச்ச போல்ட்டு ஒடைஞ்சுபோச்சு. ஒடையாத போல்ட்டை யாரும் சோதிக்கல. இப்பக் காலுல இருக்கறது ஒடையாத போல்ட்டு. அதப் பத்தி நமக்கு என்ன தெரியும். அவன் அண்ணன் நல்லவன்னு தெரியும். அண்ணனை வெச்சுத் தம்பிக்குப் பொண்ணு குடுத்த மாதிரி. நம்ம பக்கம் குடுக்கத்தான் செய்யறாங்க, பாதி நல்லாத்தான் போகுது.

அதோட விட்டுருந்தாத் தூங்கிருப்பேன். அந்தத் தண்டு மில்லு குடோன்ல சாச்சு வெச்சிருந்தது, ஒரு முனை தரையில, தரையில மழைத்தண்ணி. ஒரு முனை காஞ்ச முனை, ஒரு முனை நனைஞ்ச முனை. ஒடைஞ்சது எந்த முனை. ரெண்டும் கடைஞ்சு முடிச்சா ரெண்டு பேரும் ஒரே மினுக்கு, ரெட்டையாப் பொறந்த கொழந்தைக மாதிரி, எது மூத்ததுன்னு ஆஸ்பத்திரியில நூல் கட்டி வெப்பாங்களே, நான் கட்டல. துரு உள்ள போயிருந்தா மேல தெரியாது, மசுரு கனத்துல ஒரு வெடிப்பா உக்காந்துக்கிட்டு இருக்கும், பாரம் வர்ற அன்னிக்குத்தான் வெளிய வரும். விசில். சுத்து. கீத்து சன்னமாயிருச்சு. பலகை. கோடு இருக்கு. டாக்டர்கிட்ட இதைச் சொன்னப்ப, அவங்க என்னை ஒரு பார்வை பாத்தாங்க, ஏன் மொதல்லயே சொல்லலைன்னு கேக்கற பார்வை. போல்ட்டை வாங்கிட்டுப் போய் அவங்க ஆஸ்பத்திரி நாக்காலியில, நோயாளி தலை வெக்கற எடத்துல வெச்சு, லைட்டை எறக்கி, கண்ணுல பூதக்கண்ணாடி மாட்டி, பல்லுச் சொத்தை கண்டுபுடிக்கற செவப்புச் சாயத்தை ஊத்தி, தொடைச்சு, மறுபடியும் ஊத்தித் தொடைச்சு, அந்த வளைஞ்ச ஊசியால மேல இருந்து கீழ வரைக்கும் தடவிப் பாத்தாங்க. வெளிய கன்னத்தைப் புடிச்சுக்கிட்டு ஒரு பெரியவரு காத்துக்கிட்டு இருந்தாரு. எனக்கு அந்த நாக்காலியில நான் படுத்துருக்கற மாதிரியே இருந்துச்சு. "சொத்தை இல்ல அண்ணா"ன்னாங்க. சொல்லிட்டு, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்னு சேத்துக்கிட்டாங்க. அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் எனக்கு அவங்க மேல மரியாதை. தெரிஞ்ச வரைக்கும். இங்க எல்லாரும் தெரிஞ்ச வரைக்கும்தான். தெய்வானை கேப்பா, வீட்டுக் கொழாய் ஒழுகறது ஒங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும்ல வராதுங்களா மாமான்னு. வரும், ஞாயித்துக்கெழமை வராது. ஒரு நாள் கூடக் கூட்டிட்டு வந்து காட்டுனேன். சுத்தி வந்து பாத்தா, கை வெச்சுத் தடவுனா, எருமைய வாங்கப் போறவளாட்டக் கால் நாலும் பாத்தா, மூணு காலுதானான்னா. அப்புறம் மெதுவா, இது ஆளைக் கொல்ற சாமான்தானுங்கன்னு கேட்டா. ஆமான்னேன். கொன்னுருக்குமான்னா. வாரண்ட்டு சார் அந்தப் பக்கம் ரிவெட்டுக்கு மருந்து தேச்சுக்கிட்டு இருந்தவரு, கையை நிறுத்துனாரு, மறுபடியும் தேச்சாரு. எனக்குச் சொல்லத் தெரிஞ்சது வேற. இந்தச் சக்கரக் குழிக்குள்ள தலைய விட்டுப் பாத்தா, மேல, யாரும் எப்பவும் பாக்கப் போகாத மூலையில, தகடு வெட்டுன ஓரத்தை எல்லாம் ஒரு ஆளு அரம் போட்டு வழவழன்னு ஆக்கி வெச்சிருக்கான். கை வெச்சாக் கிழிக்காது. அங்க கை வெக்கப் போறது யாரு, என்னை மாதிரி ஒரு ரிப்பேர்க்காரன், அம்பது அறுவது வருசம் கழிச்சு, வேற ஊருல. அவன் கை கிழியப்படாதுன்னு பேர் தெரியாத ஒருத்தன் அரம் புடிச்சிருக்கான். கொல்ற சாமானுக்குள்ள இத்தனை பதவிசு எப்படி வந்துச்சுன்னு எனக்கு வெளங்கல. வெளங்கலைங்கறதுக்காக அரம் போட்டவனை மதிக்காம இருக்க முடியுமா. தெய்வானைகிட்ட இதைச் சொன்னேன். அவ கையை உள்ள விட்டுத் தொட்டுப் பாத்துட்டு, சரி போங்கன்னா. அதுக்கு அப்புறம் ஞாயித்துக்கெழமைகள்ல கொழாயப் பத்திப் பேசறதைக் கொறைச்சுக்கிட்டா, திங்கக்கெழமை சேத்துப் பேசறா.

விசில். இந்தச் சுத்துல கீத்து இல்ல. வெய்யிலு போயிருச்சு. டயரு தரையத் தொட்டுருச்சு. இதுக்கு மேல ஒவ்வொரு நூலும் பாரம். கழுத்துல எறும்பு ஏறுது, கட்டெறும்பு, கையெடுத்துத் தட்ட முடியாது, கடிக்கறதுன்னாக் கடி. விசில். சுத்து. டயரோட அடிவயிறு லேசா அகலுது. நல்ல டயரு, ஏலத்துல வந்தது, பூனைக்குட்டியாட்ட மயில்சாமி வீட்டுக் காரோட பின்சீட்டுல துணி விரிச்சுக் கொண்டாந்தாரு. பலகை. கோடு. இருக்கு. காலு மடங்கப் பாக்கும், அதைத் தாங்குகம்பி புடிக்கும், தாங்குகம்பிய என் போல்ட்டு புடிக்கும், என் போல்ட்டை யாரு புடிக்கறது, ரோஸ் கோடு பாத்துக்கிட்டு இருக்கு, புடிக்கல. விசில். சுத்து. காலோட நடுத்தண்டு அமுங்கி உள்ள போகணும், சைக்கிள் பம்பாட்ட, போகல. பாரம் ஏறுது, அமுங்கல. எண்ணெயப் புடிச்சு வெக்கற ரப்பர் சீல் எல்லாம் எத்தனை வருசமா ஒட்டிக்கிட்டு இருக்கோ. விசில். அமுங்கல. இரும்பு முனகறதை நிறுத்திருச்சு. எனக்குப் புடிக்கல. ஒண்ணுமே பேச மாட்டேங்குது. டாக்டரோட செருப்பு மட்டும் தெரியுது, வெரலு மடங்கியிருக்கு. காலேஜு கேண்டீன்ல எவனோ பாத்திரம் கழுவற சத்தம். நனைஞ்ச முனை. காஞ்ச முனை. நனைஞ்ச. டக்.

டக்குன்னு ஒரே சத்தம், அவ்வளவுதான், இடி மாதிரி எல்லாம் இல்ல, பெரியவங்க சொடக்கு எடுக்கற மாதிரி. ஏரோப்ளேன் மொத்தமும் ஒரு குலுக்கு. சிறகு எறங்கிப் பலகையில உக்காந்துருச்சு. மயில்சாமி அந்தாண்ட என்னமோ சொன்னாரு, முருகான்னோ என்னமோ. தூசி மட்டும் மேல இருந்து சக்கரக் குழிக்குள்ள கொட்டுது, கண்ணுல விழுகுது, கண்ணை மூடப்படாது. கோடு. கோடு ஒடைஞ்சிருக்கு. நடுவுல கறுப்பு. போல்ட்டுக்கும் காதுக்கும் நடுவுல ரோஸ் போய்க் கறுப்பா ஒரு எடைவெளி. நனைஞ்ச முனைதான். நான் போட்டது நனைஞ்ச முனை. நிக்குமுங்கன்னேன். மூணு தடவ கேட்டுருந்தா மூணு தடவயும் நிக்குமுங்கன்னுதான் சொல்லிருப்பேன், வாயி அப்படி. நாளைக்கு வெடியால அந்தக் கட்டர் நீலமா எரியும், அரம் போட்ட ஓரம் எல்லாம் ஒழுகும், லெஸ்லிக்கு யாரு எழுதறது, டாக்டர்தான் எழுதணும், என்னன்னு எழுதுவாங்க. வாரண்ட்டு சார் விசில் ஊதல. கத்தல. மூக்குக்கிட்ட இருந்து, சாப்பாட்டு எலையில என்ன வேணும்னு கேக்கற மாதிரி, "சென்னியப்பன், நீங்க பாத்ததை மட்டும் சொல்லுங்க. அவசரமில்ல, கேட்டியளா"ன்னாரு. நான் பாத்ததை மட்டும். நான் பயந்ததை இல்ல. முப்பது வருசம் பசங்களைத் திட்டுன மனுசனுக்கு இந்த ஒரு வார்த்தை எங்க இருந்து வந்துச்சு, எத்தனை பேரு தப்பாச் சொல்லி எத்தனை பேரு போனதைப் பாத்தா இப்படிக் கேக்க வரும். பாத்தது என்ன. கறுப்பு. என்ன கறுப்பு. டார்ச்சைக் கிட்டக் கொண்டுபோனேன். கறுப்பு நகருது. எறும்பு. கட்டெறும்பு ஒண்ணு கோட்டு மேல குறுக்க நிக்குது, பாலிஷ் வாசத்துக்கு வந்துச்சோ என்னமோ, மீசைய ஆட்டிக்கிட்டு நிக்குது. ஊதுனேன். போகல. மறுபடியும் ஊதுனேன். போச்சு. கோடு ஒரே கோடு. தலையில இருந்து காது வரைக்கும், வெடிப்பு இல்ல, வளைவு இல்ல. அப்ப டக்குன்னது எது. நடுத்தண்டைப் பாத்தேன். உள்ள போயிருக்கு. மூணு நூல் அளவு, பளபளன்னு எண்ணெ பூசுன ஒரு வளையம், இத்தனை வருசம் ஒட்டிக்கிட்டு இருந்த சீல் விட்டுக்குடுத்துருச்சு. கால் தன்னோட வேலையச் செஞ்சிருக்கு. கால் உக்கார்றதுக்குத்தானே செஞ்சது, உக்காந்துருக்கு. ஆனாச் சொல்லறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ பாத்தேன். நிக்குமுங்கன்னு இந்த வாயிதான் சொன்னது, இந்த வாய எனக்குத் தெரியும். போல்ட்டோட பின்பக்கம் நட்டு, வெரலை விட்டுத் தடவுனேன், அசையல. காது ஓட்டை நீளல. தாங்குகம்பி நேரா இருக்கு. பாத்ததை மட்டும். "சீல் விட்டுக்குடுத்துருச்சுங்க சார். காலு அமுங்கிருச்சு. போல்ட்டு அப்படியே இருக்கு"ன்னேன். அவரு உடனே ஊதல. நடந்து வர்ற சத்தம் கேட்டுச்சு, முழங்கால் ரெண்டும் ஒத்துக்காது அவருக்கு, இருந்தும் மண்டி போட்டு, என் பக்கத்துல சாக்குல தலைய வெச்சு, சித்த நேரம் பாத்தாரு. அவருகிட்ட பவுடர் வாசமும் கெரசின் வாசமும். போல்ட்டை விட, நான் ஊதுனதுல நகந்துபோய்ப் பக்கத்துல நின்ன எறும்பைத்தான் நெம்ப நேரம் பாத்த மாதிரி இருந்துச்சு. என் தோளை ஒரு தட்டுத் தட்டிட்டு எந்திரிச்சுப் போனாரு. எந்திரிக்கறப்பத்தான் சிறகைப் புடிச்சு எந்திரிச்சாரு. தன்னோட பாரத்தையும் அதுல போட்டு. அந்த ஒரு எந்திரிப்புக்கு நான் இன்னும் பத்து ஞாயித்துக்கெழமை வருவேன்.

விசில். சிறகு உக்காந்த பலகைய விட்டு மேல வர ஜாக்கிய ஒரு நூல் ஏத்தி, பலகைய உருவி, மறுபடியும் எறக்கி. இப்ப எல்லாரும் நிதானமாச் சுத்தறாங்க, பயம் போயி இல்ல, பயம் பழகி. கோடு இருக்கு. விசில். காலு இன்னும் கொஞ்சம் அமுங்குது, சத்தமில்லாம, நல்ல சோபாவாட்ட. கோடு இருக்கு. டயரு அகலுது, அகண்டு நிக்குது. பன்னெண்டு டன்னு அண்ணனுக்கு, மூணு டன்னு தம்பிக்கு. தம்பி எந்த முனைன்னு இனிமேலும் தெரியப் போறதில்ல, ஒடையாத வரைக்கும் தெரியாது, ஒடையாத வரைக்கும் தெரியவும் வேண்டாம். ஆனா நாளைக்கும் கோட்டைப் பாக்கணும். அடுத்த வாரமும் பாக்கணும். லெஸ்லிகிட்ட இருந்து சரியான போல்ட்டு வர்ற வரைக்கும் பாக்கணும், இந்தத் தடவ டாக்டர் படம் போட்டு அனுப்பிருக்காங்க, தடிமனுக்குப் பக்கத்துல இஞ்ச்சுன்னு போட்டு, அடியில கோடு இழுத்து. விசில். பலகை இல்ல, உருவறதுக்கு இனிமேல் ஒண்ணும் இல்ல, கட்டை மட்டும். கட்டைக்கும் சிறகுக்கும் நடுவுல கை போகுது. டாக்டர் ஜாக்கிக் கைப்பிடிய ஒரு வெரலால சுத்தறாங்க. பாரம் இருந்தா ரெண்டு கையும் போட்டுச் சுத்தணும். ஒரு வெரல். ஜாக்கித் தலைக்கும் சிறகுக்கும் நடுவுல வெளிச்சம் வந்துருச்சு. மொதல்ல முடி அளவு, அப்புறம் நூல் அளவு, அப்புறம் மயில்சாமி குனிஞ்சு அது வழியா இந்தப் பக்கம் என்னைப் பாக்கற அளவு. அவரு சிரிக்கறாரு, மாவு ஒட்டுன மூஞ்சி. நிக்குது. யாரும் புடிக்கல. மூணு காலும் தரையில, எடது சிறகும் வலது சிறகும் ஒரே ஒசரம், வாரண்ட்டு சார் ரசமட்டத்தை எடுத்துப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரு. டாக்டர் ஜாக்கி மேலயே உக்காந்துட்டாங்க, கைய மடியில வெச்சு உள்ளங்கையத் திருப்பிப் பாத்துக்கறாங்க. எனக்கு எந்திரிக்கணும்னு தோணல. கீழ இருந்து பாத்தா இதோட வயிறு விரால் மீனாட்ட, அவ்வளவு பெருசு, அவ்வளவு அடக்கம். மேல இருந்து பாக்கறவங்க எல்லாம் இதோட வேகத்தைப் பாப்பாங்க. நான் பாக்கறது நிக்கறதை. கோடு இருக்கு. எங்கயோ டிராக்டர் ஸ்டார்ட் பண்ற சத்தம், மயில்சாமி மச்சானோடது, ரெண்டு தடவ இருமிட்டுப் புடிச்சுக்கிச்சு. கோடு இருக்கு. போல்ட்டுத் தலைய வெரல் நுனியால தொட்டுப் பாத்தேன், சூடா இல்ல, ஜில்லுன்னு இருக்கு, ஒண்ணும் தெரியாதவனாட்ட. வாரண்ட்டு சார் கூப்பிடறாரு. "சென்னியப்பன், உருட்டப் போறோம். எடது சிறகு முனைக்கு ஆள் வேணும், கூடவே நடந்து வரணும், மரத்துல இடிக்காமப் பாத்துக்கிடணும். எந்திரிங்க." கழுத்துல எறும்பு கடிச்ச எடம் இப்பத்தான் எரியுது. டார்ச்சை அணைச்சேன். வர்றேன் சார்.